நான் நடிச்ச படம்

வேணாம்மா, அவளுக்குக் குடுக்காதீங்க. ஆரஞ்சு ஒத்துக்காது. மாத்திரை சாப்பிடறவ இல்லையா, புளிப்பு சேந்தா வயித்தப் பெரட்டும். வாங்கிட்டாளா? சரி, வெச்சுக்கட்டும். வெளிய வந்தா இப்படித்தான், யாரு எதக் குடுத்தாலும் கைய நீட்டிடுவா.

மெட்ராஸுக்குத்தாம்மா. குடியாத்தத்துல ஏறினோம். பையன் அங்க இருக்கான். விசேஷம்னு ஒண்ணும் இல்ல. அவன் ஒரு படம் எடுத்திருக்கான், சாயந்தரம் அதப் போடறாங்க.

பாத்தீங்களா, உங்க மொகமே மாறிடுச்சு. எல்லாரும் இப்படித்தான், படம்னு சொன்னதும் நிமிந்து ஒக்காருவாங்க. நீங்க நெனைக்கற மாதிரி தியேட்டர்ல ஓடற படம் இல்லம்மா அது. பாட்டு கெடையாது, சண்டை கெடையாது, ஒரு போஸ்டர் கூடக் கெடையாது. அஞ்சாறு பசங்க சேந்து எங்க வீட்டுலயே எடுத்தது. எங்க கட்டிலு, எங்க பாத்திரம், கொடில காயற எங்க துணி, எல்லாம் அப்படியே படத்துல இருக்கு. அதுல நானும் நடிச்சிருக்கேன். ஆமா, நானேதான். ஹீரோன்னு கூட சொல்லலாம். சொல்லிட்டுத்தான் இருந்தேன், படம் பாக்கற வரைக்கும்.

இதோ ஜன்னலோரம் ஒக்காந்திருக்காளே, என் சம்சாரம், சுலோச்சனா. இவளப் பத்தின படம்தான். நீங்க ஏன் கொரலத் தாழ்த்தறீங்க? அவ பாட்டுக்கு வெளிய பாத்துக்கிட்டு வருவா. நாம பேசறது அவளுக்கு ஏறாது. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. மனசுதான்.

எழிலன் மூணாங்கிளாஸ் படிக்கும்போது ஆரம்பிச்சுது. எழிலன்தான் பையன், ஒரே பையன். நான் அப்ப கரண்டாபீஸ்ல போர்மேன். ஒருநாள் டூட்டி முடிஞ்சு வரேன், இவ பின்னாடி தொவைக்கற கல்லுகிட்ட நின்னு யாருக்கோ பதில் சொல்லிட்டிருக்கா. "சரி, வெச்சிடறேன். சரி, சாத்திடறேன்." யாரும் இல்லம்மா அங்க. யார்கிட்ட பேசறேன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கறா. அப்புறம் வாசக்கேட்டுல போய் நின்னா நின்னுகிட்டே இருப்பா. அடுப்புல பால் பொங்கி வழியும், அவளுக்குத் தெரியாது. தெருவே பாக்கும். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. காத்தால கம்பத்துல ஏறற பசங்கள அதட்டி வேல வாங்கறவன், சாயங்காலம் தெருவுல தலைய குனிஞ்சுகிட்டு வரணும்.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன், தர்காவுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க அண்ணன் முனிரத்தினம் யாரோ ஒருத்தர்கிட்ட மந்திரிக்கச் சொன்னாரு, அங்கயும் போனோம். அப்புறம்தான் டாக்டர். மாத்திரை குடுத்தாரு, பாதி அடங்கிச்சு. காதுல கொரல் கேக்குதாம். டாக்டர் இவளத்தான் கேப்பாரு, அந்தக் கொரல் என்னம்மா சொல்லுதுன்னு. இவ என் மொகத்தப் பாப்பா. டாக்டர் எதுர பேச வராது இவளுக்கு. நான்தான் சொல்லுவேன், என்னென்னமோ சொல்லுதாம் சார், அர்த்தமே இல்ல சார்னு. அவரு எழுதிக்குவாரு.

ஆனா ஒண்ணும்மா, கை நீட்டினதில்ல. அது எங்க தெருவுக்கே தெரியும். எத்தனை பேரு இந்த மாதிரி பொம்பளைய அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வேற ஒருத்திய கட்டிக்கிட்டாங்க. எனக்கே சொன்னவங்க உண்டு. நான் பண்ணல. சோறு போட்டேன், மாத்திரை குடுத்தேன், தல சீவி விட்டேன். ஆபீஸ் வேல, வீட்டு வேல, ரெண்டையும் பாத்தேன். இதையெல்லாம் ஒருத்தன் படமா எடுத்தா எப்படி எடுக்கணும்? நீங்களே சொல்லுங்க.

அவன் படிச்சதே இந்த சினிமாப் படிப்புதான். போன வருஷம் நாலு பசங்களோட வந்து எறங்கினான். நம்ம வீட்டுலயே ஒரு படம் எடுக்கப்போறோம்பா, அம்மா கதைதான்னான். எனக்கு மொதல்ல கோவம் வந்துச்சு. வீட்டு அசிங்கத்த வெளிய காட்டணுமாடான்னு கேட்டேன். அசிங்கம் இல்லப்பா, நோய்னான். கையில பெரிசா ஒண்ணும் இல்ல அவனுங்ககிட்ட. ஒரு கேமரா, ஒரு மைக்கு, அதத் தூக்கிப் பிடிக்க ஒட்டடக் கம்பு. அம்மாவா நடிக்க புதுச்சேரிலேருந்து ஒரு நாடகப் பொண்ணு வந்திருந்துச்சு, பெனிட்டான்னு பேரு. அப்பாவா நடிக்க காஞ்சிபுரத்துலேருந்து ஒரு கூத்துக்காரரு வர்றதா இருந்துச்சு. அவருக்கு டிவி சீரியல்ல சான்ஸ் கெடைச்சுருச்சு, வர முடியாதுன்னுட்டாரு. பசங்க எல்லாம் கூடத்துல தலைல கை வெச்சு ஒக்காந்துட்டாங்க.

நான் சொன்னேன், நான் இருக்கேனேடா.

சும்மா சொல்லலம்மா. எங்க யூனியன் ஆண்டுவிழால வருஷா வருஷம் நாடகம் போடுவோம். ஜமீன்தாரு, போலீஸ்காரரு எல்லாம் நான்தான். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேக்கும்னு எங்க இன்ஜினியரே கைகுடுத்திருக்காரு. இதெல்லாம் எழிலனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வேணாம்னான். "அப்பா, நீங்க வேணாம்பா. வேற யாரையாவது பாக்கறேன்"னான். நான் விடல. கடைசியா என்னக் கூப்பிட்டு மொட்டமாடில வெச்சுக் கேட்டான்.

"இது யாரு கதைன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஏன் தெரியாது. நம்ம கதை. நோயாளிப் பொண்டாட்டிய வெச்சுக்கிட்டு ஒரு மனுஷன் படற பாடு."

அவன் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம், சரி, நீங்களே பண்ணுங்கன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான். அன்னிக்கே எனக்கு ஒறைச்சிருக்கணும். எங்க ஒறைச்சுது. மறுநாளு போய் தலைக்கு டை அடிச்சுக்கிட்டு வந்து நிக்கறேன், அவன் பாத்துட்டு கேமராவ எடுத்து வெக்கப் போயிட்டான்.

வசனம் குடுடா, மனப்பாடம் பண்ணிக்கறேன்னு கேட்டா, வசனம் இல்லன்னுட்டான். அம்மா இங்க நிக்கறா, நீங்க எப்பவும் என்ன சொல்லுவீங்களோ அதச் சொல்லுங்க, எப்பவும் என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்க. அவ்வளவுதான் டைரக்ஷன். கேமராவ ஒரு மூலைல வெச்சா வெச்சதுதான், நகராது. நாம நகந்துட்டா பாதி ஆளுதான் தெரியும். இது என்ன படம்னு எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு.

அந்தப் பொண்ணு வந்ததுலேருந்து எங்க வீட்டுலதான் தங்கிச்சு. பைத்தியமா நடிக்கறதுக்கு நான் சொல்லிக் குடுத்தேன், கண்ண இப்படி உருட்டணும்மா, தலைய விரிச்சுக்கணும்னு. சரிங்கப்பான்னு கேட்டுக்கிச்சு. ஆனா போய் ஒக்காந்தது இவகிட்டதான். இவ கூடவே அரிசி கழுவும், இவ கூடவே கீரை ஆயும். சமையக்கட்டுல ரெண்டு பேரும் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு ஒருநாளு. எட்டிப் பாத்தேன், நிறுத்திட்டாங்க. என்னத்துக்கு சிரிச்சாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. இவ சிரிச்சு நான் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

மொத சீனு, அந்தப் பொண்ணு வாசக்கேட்டுல நிக்குது. நான் உள்ளேருந்து வரணும். வந்தேன். மணிக்கட்டப் புடிச்சேன், நாலு பேரு பாக்கறாங்க உள்ள வான்னு கூட்டிட்டு வந்தேன், தாழ்ப்பாள் போட்டேன், வெளிய சத்தம் கேக்கக்கூடாதுன்னு டிவிய சத்தமா வெச்சேன். யாரும் சொல்லித் தரல, தானா வந்துச்சு. ஒரே டேக்கு. பசங்க மூச்சு விடாம பாத்தானுங்க. நல்லா வந்துச்சான்னு கேட்டேன். "நல்லா வந்துச்சுப்பா"ன்னான் எழிலன். கொரலு ஒரு மாதிரியா இருந்துச்சு. பையன் பெருமைல கலங்கறான்னு நெனைச்சேன்.

அப்புறம் தல சீவற சீனு. எனக்கு ரொம்பப் புடிச்ச சீனு அதான். அந்தப் பொண்ணு கீழ ஒக்காந்திருக்கு, நான் நாற்காலில ஒக்காந்து சிக்கெடுத்து சீவி விடறேன். எங்க எதிர்வீட்டம்மாவே நடிச்சாங்க, விசாரிக்க வர்ற மாதிரி. நான் சீவிக்கிட்டே அவங்ககிட்ட எல்லாம் சொல்லணும். சொன்னேன். ராத்திரி தூங்கறதில்லம்மா, சோத்தப் போட்டா பெசஞ்சுகிட்டே இருக்கா, குளிக்கச் சொன்னா ரெண்டு நாளு ஆவுது, மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிச்சு வெக்கறா, இந்த ஜென்மத்துல எனக்கு இதான்னு எழுதியிருக்கு. சொல்லச் சொல்ல அழுதுட்டேன். நெஜமான கண்ணீரும்மா, கிளிசரின் இல்ல. எதிர்வீட்டம்மாவும் அழுதுட்டாங்க.

கடைசியா கொரல் பதிவு. பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல ரெண்டு கம்பளியத் தொங்கவிட்டு, அதுக்குள்ள என்ன ஒக்கார வெச்சு மைக்கக் குடுத்தான். ஒரு பேப்பர் பாத்து ஒவ்வொண்ணா கேப்பான், நான் அத மைக்ல சொல்லணும். சாப்டியா. ஏன் சாப்பிடல. அங்க என்ன பார்வை. கதவச் சாத்து. சிரிக்காத. யாராவது வந்தா உள்ள போ. மாத்திரை எங்க. அதக் கீழ வை. மொதல்ல மெதுவா சொல்லுங்கப்பான்னான், அப்புறம் காதுகிட்ட சொல்ற மாதிரின்னான். நான் அவன் கேக்காததையும் சேத்து சொன்னேன். உன்னால எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா, அது நான் சேத்ததுதான். படத்துல எங்கயாவது ஒட்டுவானா இருக்கும்னு நெனைச்சேன்.

படம் முடிஞ்சு ரெடியாச்சு, மெட்ராஸ்ல ஒரு சின்ன ஹால்ல போடறோம்னான். அம்மாவையும் கூட்டிட்டு நீங்க மட்டும் வாங்கன்னு சொன்னான். நான் கேக்கல. மனசு நெறைஞ்சு இருந்துச்சும்மா. வேன் புடிச்சேன். எங்க அண்ணன் முனிரத்தினம், அண்ணி, கூட வேல பாத்த ஏகாம்பரம், எதிர்வீட்டம்மா, ராணிப்பேட்டைல இருக்கற இவ தம்பி கஜேந்திரன், எல்லாரையும் கூப்பிட்டேன். வேன்லயே ஏகாம்பரம் சொன்னான், படம் முடிஞ்சதும் மேடைல ஏத்திக் கேள்வி கேப்பாங்க, பதில் ரெடி பண்ணிக்கோன்னு. யோசிச்சு ஒண்ணு ரெடி பண்ணேன். எப்படி சார் இவ்வளவு தத்ரூபமா நடிச்சீங்கன்னு கேட்டா, எல்லாம் அனுபவம்தாங்க. அடக்கமாவும் இருக்கும், கேக்கவும் நல்லா இருக்கும்.

முன் வரிசைல ஒக்காந்தோம். இவ என் பக்கத்துல.

படம் ஆரம்பிச்சுது. வாசக்கேட்டு சீனு வந்துச்சு. நான் உள்ளேருந்து வரேன். என்ன மொதமொதல்ல திரையில பாக்கறேன் இல்ல, சந்தோஷத்துல ஏகாம்பரம் தொடையத் தட்டினேன். மணிக்கட்டப் புடிக்கறேன், உள்ள கொண்டாந்து தாழ்ப்பாள் போடறேன், டிவி அலறுது. நான் ஃபிரேம விட்டுப் போயிட்டேன். கேமரா நகரல. அந்தப் பொண்ணு மட்டும் கூடத்துல நிக்குது. மணிக்கட்டத் தடவிக்கிட்டு நிக்குது. நிக்குது, நிக்குது, முடியவே மாட்டேங்குது. யாரோ பின்னாடி இருமினாங்க. எனக்கு அவ்வளவு நேரம் ஏன் வெச்சிருக்கான்னு எரிச்சலா வந்துச்சு.

தல சீவற சீனு வரட்டும், ஜனம் உருகும்னு இருந்தேன். வந்துச்சு. ஆனா என் மொகம் இல்லம்மா. கழுத்துக்கு மேல என்னக் காணல. சீப்பு, என் கை, அந்தப் பொண்ணு மொகம், அவ்வளவுதான். நான் அழுத கண்ணீரு எங்கயுமே இல்ல. நான் பேசறது மட்டும் மேலேருந்து வருது. குளிக்கறதில்ல, சோத்தப் பெசையறா, மாத்திரைய ஒளிக்கறா. ஒவ்வொண்ணு சொல்லும்போதும் அந்தப் பொண்ணு மொகத்துல ஒண்ணு போகுது. அழல. கோவப்படல. எப்படிச் சொல்றது, வெளக்க ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே வந்தா ஒரு வீடு இருட்டாகுமே, அந்த மாதிரி. அவ எதுர அவளப் பத்தி ஊராள்கிட்ட சொல்லிட்டிருக்கான் அந்த ஆளு. அவ இல்லாத மாதிரி. நான் சொல்லும்போது எனக்கு அப்படித் தெரியல. அன்பா சீவிவிட்டுத்தான் சொன்னேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? கேக்கறீங்கன்னுதானே சொல்றேன்.

அப்புறம்தான் அது வந்துச்சு. அந்தப் பொண்ணு தனியா சமையக்கட்டுல அரிசி கழுவிட்டிருக்கு. வீட்டுல யாரும் இல்ல. எங்கயோ தூரத்துலேருந்து, சாப்டியா. அப்புறம் பக்கத்துல, ஏன் சாப்பிடல. அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்லேருந்து, கதவச் சாத்து. தலைக்குப் பின்னாடிலேருந்து, சிரிக்காத. நான் மெஷின் கோளாறுன்னு நெனைச்சேன், சத்தியமா. திரும்பி மெஷின் ஓட்டறவனப் பாத்துக் கையக் கூட ஆட்டினேன். அது நிக்கல. ஒண்ணு மேல ஒண்ணா, பத்து பேரா, இருபது பேரா, எல்லாம் என் கொரலு. உன்னால எனக்கு எவ்வளவு அசிங்கம் தெரியுமா. தெரியுமா. தெரியுமா. அந்தப் பொண்ணு அரிசித் தண்ணிக்குள்ள கைய வெச்சுக்கிட்டு மெதுவா சொல்லுது, "சரி, வெச்சிடறேன். சரி, சாத்திடறேன்."

அவளுக்குக் கேக்கற கொரல் என் கொரலாம். என் பையன் அப்படி வெச்சிருக்கான்.

எழுந்து போகலாம்னா முன் வரிசை, போனா எல்லாரும் பாப்பாங்க. இந்தப் பக்கம் இவளப் பாக்கறேன். இவ படத்தையே பாக்கல. முழுசா பின்னாடி திரும்பி ஒக்காந்துக்கிட்டு ஹால்ல இருக்கற ஜனத்தப் பாக்கறா. ஒவ்வொரு மொகமா பாக்கறா. முன்னாடி திரும்புன்னு முழங்கைய இழுத்தேன். திரும்பல. இவ தம்பி கஜேந்திரன் எழுந்து வெளிய போயிட்டான்.

வெளக்கப் போட்டாங்க. பின்னாடி யாரோ ஒருத்தர் கை தட்டினாரு. அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. எழிலனும் அந்தப் பொண்ணும் முன்னாடி போய் நின்னாங்க. கண்ணாடி போட்ட ஒரு பொம்பள மைக்க வாங்கி, அப்பாவா நடிச்சவரு வந்திருக்காரான்னு கேட்டாங்க. ஏகாம்பரம் என்ன எழுப்பி விட்டுட்டான். கையக் கூப்பிக்கிட்டு எழுந்தேன். மைக்கு என் கைக்கு வந்துச்சு.

அந்தம்மா மரியாதையாத்தான் கேட்டாங்க. "சார், இவ்வளவு கொடுமையான ஒரு மனுஷன, கொடுமைன்னே தெரியாத மாதிரி எப்படி நடிச்சீங்க?"

வாய் முந்திக்கிச்சும்மா. வேன்லேருந்து சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தது. "எல்லாம் அனுபவம்தாங்க."

ஹால்ல ஒரு சிரிப்பு கெளம்பிச்சு. கெளம்பி, பாதியில நின்னுடுச்சு. அந்தப் பாதியில நின்ன சிரிப்புதாம்மா. முழுசா சிரிச்சிருந்தா கூட தாங்கியிருப்பேன். மைக்க யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டு ஒக்காந்தேன். எழிலன்தான் வந்து வாங்கிக்கிட்டுப் போனான். என் மொகத்தப் பாக்கல அவன். பாத்திருந்தா அழுதிருப்பான்னு நெனைக்கறேன்.

திரும்பி வரும்போது கஜேந்திரன் வேன்லயே ஏறல, எனக்கு பஸ் இருக்குன்னுட்டான். போறதுக்கு முன்னாடி அக்காவ தனியாக் கூப்பிட்டு, எங்க வீட்டுக்கு வந்துடறியான்னு கேட்டானாம். இத்தனை வருஷத்துல ஒரு பொங்கலுக்கு எட்டிப் பாக்காதவன். காவேரிப்பாக்கம் தாண்டினதும் எங்க அண்ணன் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "இன்னாடா தணிகாசலம், அந்தப் புள்ளைய இப்பிடியா வெச்சிருந்த?" மந்திரிக்கச் சொன்னவரு அவரு. சங்கிலி போட்டு வைன்னு கூட ஒருதரம் சொன்னவரு. நான்தான் மாட்டேன்னேன். இப்ப அவரு நல்லவரு.

அதுக்கப்புறம் டீக்கடைக்குப் போறதில்லம்மா. ஏகாம்பரம் ஊரெல்லாம் சொல்லிட்டான். கெட்ட எண்ணத்துல இல்ல, நல்லா நடிச்சான்டான்னுதான் சொல்லியிருப்பான். ஆனா எங்க தெருவுல பொம்பளைங்க என்னப் பாத்தா பேச்ச நிறுத்தறாங்க. எதிர்வீட்டம்மா இப்பெல்லாம் நேரா இவகிட்டதான் வந்து பேசறாங்க, நான் கூடத்துல இருக்கும்போதே.

எழிலனுக்கு போன் போட்டுக் கத்தினேன். உனக்கு நான் என்னடா கொறை வெச்சேன், சோறு போட்டு படிக்க வெச்சதுக்கு இதாடா, அந்தக் கொரல எங்கேருந்துடா புடிச்சேன்னு கேட்டேன். அவன் திருப்பிக் கத்தல.

"அம்மாகிட்டதான் கேட்டேன்பா. உனக்குக் கேக்கற கொரலு யாரு மாதிரி இருக்கும்னு. இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையாமே."

அவ நோயாளிடா, அவ சொல்றத ஒரு பேச்சுன்னு எடுத்துக்கிட்டு வந்து படம் புடிப்பியான்னேன். "இதையும் அம்மாவுக்கு பதிலா நீங்களே சொல்லாதீங்கப்பா"ன்னான். போன வெச்சுட்டேன். நான்தான் வெச்சேன்.

நீங்க சொல்லுங்க, வீட்டுல ஒரு ஆம்பள சாப்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்கறது தப்பா? அதக் கேக்காம எப்படி பாத்துக்கறது? அதைத்தான் நான் கேட்டேன். ஒரு நாளைக்குப் பத்து வாட்டி கேட்டிருப்பேன், இருபது வாட்டி கேட்டிருப்பேன். அது அவளுக்கு உள்ள போய் அப்படி ஆகும்னு யாரு கண்டது. நோயி என் கொரல எடுத்துக்கிச்சா, என் கொரலாலதான் நோயான்னு டாக்டர்கிட்ட போய்க் கேக்கலாம்னு இருந்தேன். போன மாசம் போனோம். கேக்கல. இவ பக்கத்துல இருக்கும்போது எப்படிக் கேக்கறது.

ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்காதீங்க. அந்தப் படம் பாத்ததுலேருந்து என் கொரல என்னாலயே கேக்க முடியல. மறுநாள் தட்ட வெச்சுட்டு "சாப்டி"ன்னு ஆரம்பிக்கறேன், அந்த ஹால் ஸ்பீக்கர்லேருந்து வர்ற மாதிரியே இருக்கு. பாதியில நிறுத்திட்டேன். அப்புறம் பேசறதக் கொறைச்சேன். தட்ட வெப்பேன், மாத்திரைய வெப்பேன், தண்ணி சொம்ப வெப்பேன், போய் வாசல்ல ஒக்காந்துக்குவேன். வீட்டுல கெடிகாரம் மட்டும்தான். கொஞ்ச நாள் இப்படியே போச்சு. ஒருநாள் இவ வாசலுக்கு வந்து நின்னா. கேட்டுக்குத்தான் போறான்னு நெனைச்சேன். என்கிட்ட வந்து என் நெத்தியில கைய வெச்சுப் பாத்தா. "ஜொரமா?"ன்னா. இல்லன்னேன். அப்புறம் சொன்னா, "எனக்கு அந்தப் படத்த இன்னொரு வாட்டி பாக்கணும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை வருஷத்துல எனக்கு இது வேணும்னு அவ ஒண்ணு கேட்டதில்ல. ஒரு பொடவை கேட்டதில்ல. கேட்டது இது. வேற எதைக் கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்.

எழிலன்கிட்ட சொன்னேன். இன்னிக்கி சாயந்தரம் வேற எடத்துல போடறாங்களாம், அம்மா வரட்டும், நீங்க கஷ்டப்பட வேணாம்பா, நான் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னான். அதெப்படி. இவ தனியா ரயில் ஏறி எறங்குவாளா? நான்தானே கூட்டிட்டு வரணும். உள்ள வரமாட்டேன், ஹாலுக்கு வெளிய ஒக்காந்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். அங்க கூட கதவு வழியா சத்தம் கேக்கும். கேக்கட்டும், என்ன பண்றது.

அவ எதுக்கு மறுபடியும் பாக்கணும்கறான்னு கேக்கறீங்களா? என்னத்தச் சொல்றது. என்னப் பழி வாங்கறாளோன்னு ஒரு நேரம் தோணும். அவளுக்கு அதெல்லாம் தெரியாது, பாவம். அந்தப் பொண்ணு மேல ஆசை, பெனிட்டாவப் பாக்கலாம்னு இருக்கும். இல்ல, பையனப் பாக்க ஒரு சாக்கு. அவளுக்கு எதுக்குன்னு அவளுக்கே...

சரிம்மா. நீங்க அவளையே கேளுங்க. கேட்டா பதில் வராது, சும்மா பாப்பா. இல்ல இல்ல, கேளுங்க. நான் வாயத் திறக்கல.

...

கேட்டீங்களா.

என்ன சொன்னா இப்ப? ரயில் சத்தத்துல எனக்குச் சரியா... இல்ல, கேட்டுச்சு. எனக்கும் கேட்டுச்சு. "எனக்கு மட்டுமே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு எல்லாருக்கும் கேட்டுச்சு."

அதுக்குத்தான் திரும்பித் திரும்பி ஜனத்தப் பாத்தாளா. நான் முழங்கையப் புடிச்சு இழுத்தேன்.

அரக்கோணம் வந்துடுச்சா? இன்னும் இல்லையா. சரி. நீங்க இப்படி வந்து என் எடத்துல ஒக்காருங்கம்மா. எதுர இருந்தா ஜன்னல் காத்துல அவ சொல்றது உங்களுக்குச் சரியாக் கேக்காது, அவ மெதுவாத்தான் பேசுவா. ஒக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, கால் மரத்துப்போச்சு. நான் கதவாண்ட போய்க் கொஞ்ச நேரம் நிக்கறேன். அவ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்கறா பாருங்க. நீங்க கேளுங்க.